யூதர்கள் இன்னும் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள்தானா? கத்தோலிக்கத் திருச்சபையின் பதில்

கேள்வி இது: ஞாயிறு மறையுரையில் பங்குச் சாமியார் "திருச்சபையே புதிய இஸ்ரயேல்" என்கிறார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் நண்பர் அன்று மாலையே ஒரு காணொளி அனுப்புகிறார்: "யூதர்கள்தான் என்றைக்கும் தேவனுடைய ஜனம், 1948-ல் தீர்க்கதரிசனம் நிறைவேறிவிட்டது." இதில் கத்தோலிக்கர் எதை நம்ப வேண்டும்? இயேசுவை ஏற்காத யூதருக்கு மீட்பு உண்டா, இல்லையா?

சுருக்கமான பதிலை முதலில் வைத்துவிடுகிறேன். ஆம், யூத மக்கள் கடவுளால் தேர்ந்துகொள்ளப்பட்டவர்கள்தான், இன்றைக்கும். அவர்களோடு கடவுள் செய்த உடன்படிக்கை ரத்தாகவில்லை. திருச்சபை தன்னைப் புதிய இறைமக்கள் என்று அழைத்துக்கொள்வதும் உண்மை. ஆனால் பழையவர்களைக் காலிபண்ணிவிட்டு அந்த வீட்டில் தான் குடிவந்ததாக அது இன்று போதிப்பதில்லை. யூதருக்கு ஒரு வழி, மற்றவர்களுக்கு ஒரு வழி என்று மீட்புக்கு இரண்டு வழிகளும் கிடையாது. எல்லாருக்கும் கிறிஸ்து வழியாகவே. அப்படியானால் அவரை ஏற்காத யூதர் எப்படி மீட்படைவார் என்றால், அது கடவுளுக்கே தெரிந்த மறைபொருள் என்று வத்திக்கான் ஆவணமே எழுதி வைத்திருக்கிறது. 1948-ல் இஸ்ரேல் நாடு உருவானது இந்தக் கணக்கில் வரவே வராது.

மழுப்புகிற மாதிரி இருக்கிறதா? முதன்முதலாகக் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்த முடிச்சைப் போட்டவர் வத்திக்கான் அதிகாரி யாரும் இல்லை. போட்டவர் பவுல், நம் பாட்டிமார் "சின்னப்பர்" என்று சொல்வார்களே, அவர்தான். அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் புரியும்.

ஏறக்குறைய கி.பி. 57-ல் உரோமையருக்கு அவர் எழுதிய திருமுகத்தில் 9, 10, 11 அதிகாரங்கள் முழுக்க இதே பேச்சுதான். உரோமைச் சபையில் யூதரல்லாதவர்கள் பெருகிவிட்டார்கள். யூதர்களைக் கடவுள் கைகழுவிவிட்டார், இனி நாம்தான் என்ற மிதப்பு அவர்களுக்கு வந்துவிட்டது. தானும் ஒரு இஸ்ரயேலன், பென்யமின் குலத்தவன் என்று சொல்லிக்கொண்டு பவுல் அந்த மிதப்பைப் பிடித்து உலுக்குகிறார். பிள்ளைகளாகும் உரிமை, மாட்சி, உடன்படிக்கைகள், திருச்சட்டம், வழிபாடு, வாக்குறுதிகள் எல்லாம் அவர்களுக்கே உரியவை என்கிறார். "உரியவையாக இருந்தன" என்று அவர் எழுதவில்லை.

பிறகு வருகிறது ஒலிவ மர உவமை. மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கொட்டை போட்டு முளைத்த நாட்டுக் கன்றை அடியில் வைத்து, நல்ல ரகத்தின் குச்சியை அதன்மேல் சேர்த்துக் கட்டுவார்கள். வேர் நாட்டுச் செடியினுடையது, காய் நல்ல ரகத்தினுடையது. பவுல் சொல்வது இதற்கு நேர் தலைகீழ். நல்ல ஒலிவ மரத்தில் சில கிளைகள் தறிக்கப்பட்டன. காட்டு ஒலிவக் கிளை ஒன்றைக் கொண்டுவந்து அங்கே ஒட்டியிருக்கிறது. தோட்டக்கலை தெரியாமல் உளறிவிட்டார் என்று சிலர் கேலி செய்ததுண்டு. தெரிந்தேதான் எழுதினார்: "இயல்புக்கு மாறாக" என்று 24-ஆம் வசனத்தில் அவரே குறிப்பிடுகிறார். அந்தக் காட்டுக்கிளை நாம்தான்; கிரேக்கரும் உரோமையரும் தமிழரும் எல்லாரும் அதில் அடக்கம். ஆகவே பெருமை பேசாதே, வேரை நீ தாங்கவில்லை, வேர்தான் உன்னைத் தாங்குகிறது என்கிறார். தறிக்கப்பட்ட கிளைகளைத் திரும்ப ஒட்டுவதற்குக் கடவுளுக்கு வல்லமை உண்டு என்கிறார். கடைசியில் இஸ்ரயேலர் அனைவரும் மீட்படைவர், கடவுள் தந்த கொடைகளையும் விடுத்த அழைப்பையும் திரும்பப் பெற்றுக்கொள்வதில்லை என்று முடிக்கிறார். எப்படி, எப்போது என்று கேட்டால் "மறைபொருள்" என்பதோடு நிறுத்திவிட்டு, கடவுளின் ஞானம் எவ்வளவு ஆழமானது என்று புகழ்பாடப் போய்விடுகிறார்.

ஒரு சங்கதி. ஞாயிறு திருப்பலி வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. முதலாம் ஆண்டின் பொதுக்காலம் 20-ஆம் ஞாயிறன்று உரோமையர் 11-ஆம் அதிகாரம் உண்டு. ஆனால் 15-ஆம் வசனத்தோடு நிறுத்தி, அடுத்து 29-க்குத் தாவுகிறார்கள். ஒலிவ மரம் நடுவில் காணாமல் போகிறது. ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகும் ஒரு கத்தோலிக்கர் அந்த உவமையைப் பீடத்திலிருந்து ஒருமுறைகூடக் கேட்டிருக்க மாட்டார். உங்கள் குழப்பத்தில் பாதிக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பவுலுக்குப் பின் கதை வேறு பக்கம் திரும்பியது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் பழைய ஏற்பாடே வேண்டாம், அந்தக் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று கிளம்பினார். உரோமைச் சபை அவரை வெளியேற்றியது. வேரை வெட்ட விடவில்லை என்ற மட்டில் நல்ல காரியம். ஆனால் அதே நூற்றாண்டில் சர்தை நகர ஆயர் மெலித்தோ தம் பாஸ்கா மறையுரையில், கடவுளைக் கொன்றவர்கள் என்ற பழியை இஸ்ரயேல் மீது ஏற்றினார். 386-87-ல் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம், யூதத் தொழுகைக்கூடத்துக்குப் போய்வரும் தம் கிறிஸ்தவர்களைத் தடுக்க எண்ணி, யூதர்கள்மேல் வாரியிறைத்த சொற்களை இன்று எந்தக் கோவிலிலும் வாசிக்க முடியாது. அகுஸ்தீன் ஒரு நடுவழி பிடித்தார்: திருப்பாடல் 59-ல் வரும் "அவர்களைக் கொன்றுவிடாதேயும்" என்பதை யூதர்களுக்குப் பொருத்தி, நமது மறைநூலுக்கு அவர்கள் சாட்சிகள், சிதறியே வாழட்டும் என்றார். உயிருக்குக் காவல் கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. இடைக்காலத் திருத்தந்தையர் இதே இரட்டைக் கணக்கில்தான் நடந்தார்கள். 1120 வாக்கில் இரண்டாம் கலிஸ்து, யூதரை வலுக்கட்டாயமாகத் திருமுழுக்குக்கு இழுக்கக்கூடாது, அவர்கள் கல்லறைகளைத் தோண்டக்கூடாது என்று ஆணையிட்டார். 1215-ல் நான்காம் இலாத்தரன் சங்கம் (ஆயர்களின் பொதுக்கூட்டம்) அவர்கள் தனி உடையால் அடையாளம் காட்டப்பட வேண்டும் என்றது. 1555-ல் திருத்தந்தை நான்காம் பவுல் உரோமை யூதர்களை மதிலுக்குள் அடைத்து, இரவில் கதவைப் பூட்டினார்.

ஸ்ட்ராஸ்பூர் பேராலயத்தின் தெற்கு வாசலில் 13-ஆம் நூற்றாண்டில் வடித்த இரண்டு பெண் சிலைகளில் இந்த இறையியல் முழுவதையும் பார்த்துவிடலாம். ஒருத்தி திருச்சபை: தலையில் கிரீடம், கையில் சிலுவை, நிமிர்ந்த பார்வை. இன்னொருத்தி தொழுகைக்கூடம்: கண்ணைத் துணியால் கட்டியிருக்கிறது, ஈட்டி முறிந்திருக்கிறது, சட்டப் பலகை கையிலிருந்து நழுவப் பார்க்கிறது. சிற்பி கைகாரன், தோற்றவளைத்தான் அழகாகச் செதுக்கியிருக்கிறான்.

திருச்சபை எதை நம்புகிறது என்று தெரிய, அது எப்படிச் செபிக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்குப் புனித வெள்ளியின் பொது மன்றாட்டை விட நல்ல சான்று இல்லை. பத்து மன்றாட்டுகளில் ஆறாவது யூதர்களுக்கானது. பழைய இலத்தீன் பூசைநூலில் அது "பெர்ஃபிதிஸ் யூதர்களுக்காக" என்று தொடங்கும். நம்பிக்கையற்ற என்று பொருள்கொள்ளலாம், துரோகிகளான என்றும் கொள்ளலாம். ஐரோப்பிய மக்கள்மொழிகளில் இரண்டாவதுதான் ஊன்றியது. அந்த மக்களின் குருட்டுத்தனத்தை நீக்கும்படி வேண்டுவார்கள். மற்ற மன்றாட்டுகளுக்கு "முழந்தாளிடுவோம்" என்ற அழைப்பு வரும், எல்லாரும் மண்டியிட்டு எழுவார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் மண்டியிடுவதில்லை. நம் ஊர்ப் பெரியவர்களும் இதை இலத்தீனில் ஆண்டாண்டாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரு சொல்லும் விளங்கியிருக்காது, ஆனால் அந்த ஓரிடத்தில் முழங்கால் மடங்காதது உடம்புக்குத் தெரிந்திருக்கும்.

1926-ல் உரோமையில் "இஸ்ரயேலின் நண்பர்கள்" என்ற குருக்கள் சங்கம் தொடங்கியது. 19 கர்தினால்களும் ஏறக்குறைய 3,000 குருக்களும் அதில் சேர்ந்தார்கள். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள், மண்டியிடுதலைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டார்கள். 1928-ல் சங்கத்தையே கலைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கலைத்த அதே ஆணையில் யூத வெறுப்பும் கண்டிக்கப்பட்டிருந்தது. 1955-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மண்டியிடுதலைத் திரும்பக் கொண்டுவந்தார். 1959 புனித வெள்ளியன்று இருபத்து மூன்றாம் யோவான் அந்தச் சொல்லை எடுத்தார். 1970-ன் புதிய திருப்பலி நூலில் மன்றாட்டு முழுவதுமே மாறிற்று. கடவுளின் வார்த்தையை முதலில் கேட்ட யூத மக்கள் அவர் பெயரை அன்பு செய்வதிலும் அவரது உடன்படிக்கைக்கு உண்மையாயிருப்பதிலும் வளர வேண்டும் என்று நாம் மன்றாடுகிறோம். கவனியுங்கள்: இல்லாமல் போன உடன்படிக்கைக்கு உண்மையாயிருக்கும்படி யாரும் செபிக்க மாட்டார்கள். அதே செபம் "மீட்பின் முழுமையை" அவர்கள் அடைய வேண்டும் என்றும் முடிகிறது. முடிச்சு அங்கேயும் அவிழவில்லை. 2008-ல் பதினாறாம் பெனடிக்ட் பழைய வழிபாட்டு முறையைப் பின்பற்றுவோருக்கு ஒரு தனி மன்றாட்டு எழுதினார். அதில், அவர்கள் இயேசுவை எல்லாருக்கும் மீட்பராக ஏற்றுக்கொள்ள ஒளி தாரும் என்று நேரடியாகவே வேண்டுகிறது. யூதத் தலைவர்கள் பலர் வருந்தினார்கள். ஆக இன்று ஒரே திருச்சபையில் ஒரே நாளில் இரண்டு செபங்கள்.

1959-க்கும் 1970-க்கும் நடுவே நடந்ததுதான் பெரிய திருப்பம். 1960 ஜூன் 13 அன்று ஜூல் இசாக் என்ற 82 வயது பிரெஞ்சு வரலாற்றாசிரியர் திருத்தந்தை யோவானைச் சந்தித்தார். பிரான்சின் பள்ளிகளில் தலைமுறைகளாகப் படித்த வரலாற்றுப் பாடநூல்களை எழுதியவர், யூதர். அவர் மனைவியையும் மகளையும் நாசிகள் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: யூதரை இழிவாகப் போதிக்கும் இந்தப் பழக்கத்தை உங்கள் போதனையிலிருந்து எடுங்கள். அவர் கையில் ஒரு வலுவான சீட்டு இருந்தது. 1566-ல் வந்த திரெந்து மறைக்கல்வி நூல், கிறிஸ்துவின் பாடுகளுக்குக் காரணம் பாவிகளான நாம் எல்லாரும்தான், அறிந்தே பாவம் செய்கிற கிறிஸ்தவரின் குற்றம் யூதருடையதைவிடப் பெரிது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. கிளம்பும்போது, கொஞ்சம் நம்பிக்கையோடு போகலாமா என்று கேட்டாராம். நம்பிக்கைக்கும் மேலானதற்கு உமக்கு உரிமையுண்டு என்றார் யோவான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்காக யூதர் பற்றி ஓர் ஏடு எழுதும் பொறுப்பு கர்தினால் அகுஸ்தீன் பேயாவிடம் போனது. வரைவு எளிதாக நகரவில்லை. அரபு நாடுகள் எதிர்த்தன. அங்கே வாழ்ந்த கீழைத் திருச்சபை ஆயர்கள் தம் மக்களுக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சினார்கள். பழைமைவாதிகள் மரபே போச்சு என்றார்கள். 1964-ல் ஒரு வரைவில் யூதர் திருச்சபைக்குள் வந்து சேர்வார்கள் என்ற எதிர்பார்ப்பு நுழைந்தபோது, ரபி ஏபிரகாம் ஹெஷல், மதமாற்றமா ஆஷ்விட்ஸா என்றால் ஆஷ்விட்ஸுக்கே போவேன் என்று எழுதினார். அந்த வரி மாறியது. 1965 அக்டோபர் 28 அன்று வெளியான "நோஸ்ட்ரா ஏத்தாத்தே" ஏட்டின் 4-ஆம் பத்தியில், கடவுளுக்கு மட்டுமே தெரிந்த ஒரு நாளில் எல்லா மக்களும் ஒரே குரலாய் அவரை அழைப்பார்கள் என்றுதான் இருக்கிறது. ஆதரவு 2,221 வாக்கு, எதிர்ப்பு 88. பாடுகளின் பழியை அன்றைய யூதர் எல்லார்மீதும் வேறுபாடின்றிச் சுமத்தக்கூடாது, இன்றைய யூதர்மீதும் சுமத்தக்கூடாது. கடவுளால் ஒதுக்கப்பட்டவர்கள், சபிக்கப்பட்டவர்கள் என்று அவர்களைக் காட்டக்கூடாது. உங்கள் சாமியார் "புதிய இஸ்ரயேல்" என்றாரே, அதற்கு நிகரான "புதிய இறைமக்கள்" என்ற சொல்லும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது. அவர் தவறாகச் சொல்லவில்லை, வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

இதை வைத்துத் தவக்காலப் பாஸ்கா நாடகங்களைப் பார்க்கச் சொல்வேன். "இவன் இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்" என்று மேடையில் கத்தும்போது ஒப்பனைக்காரர் யூதக் கூட்டத்துக்கு மட்டும் ஏன் மைபூசி அசுர முகம் கொடுக்கிறார்? மாதாவும் யோவானும் யூதர்கள் இல்லையா? பெனடிக்ட் அந்த வசனத்துக்குத் தரும் விளக்கம் எனக்குப் பிடித்தது: இயேசுவின் இரத்தம் ஆபேலின் இரத்தம்போலப் பழிகேட்பதில்லை, கழுவுகிறது, ஆகவே அது எங்கள்மேல் என்பது சாபமாகாது.

இனி, முடிச்சின் கடினமான பகுதி. "உடன்படிக்கை ரத்தாகவில்லை" என்ற சொற்றொடரை வத்திக்கான் சங்கம் சொல்லவில்லை. 1980 நவம்பர் 17 அன்று மைன்ஸ் நகரில் யூதத் தலைவர்களிடம் இரண்டாம் யோவான் பவுல் சொன்னது அது. பிறகு 1992-ன் மறைக்கல்வி நூலிலும் இடம்பிடித்தது. எதிர்வாதம் செய்வோர் கையிலும் சரக்கு உண்டு. எபிரேயர் 8:13 முந்தைய உடன்படிக்கை பழையதாகிவிட்டது என்கிறது. பன்னிரண்டாம் பத்திநாதர் 1943-ல் எழுதிய சுற்றுமடல் பழைய சட்டம் நீக்கப்பட்டுப் புதியது வந்ததாகவே பேசுகிறது. அமெரிக்க இறையியலாளர் கர்தினால் ஏவரி டலஸ் போன்றவர்கள் இந்தக் கேள்வியை விடாமல் எழுப்பினார்கள். இவற்றைத் தள்ளிவிட முடியாது. எனக்குச் சரியாகப் படுவது இந்தப் பிரிப்பு: பலிகளும் சடங்குச் சட்டங்களும் மீட்புக்கு வழியாகக் கிறிஸ்துவில் நிறைவுற்றன என்பது ஒன்று, அந்த மக்களைக் கடவுள் தம்மவர் என்று தேர்ந்தது நீடிக்கிறது என்பது வேறு. சட்டத்தைப் பற்றிய வாக்கியங்களை மக்கள்மேல் ஏற்றியதில்தான் நூற்றாண்டுகளின் தவறு நடந்தது. பெனடிக்ட்டும் ஓய்வுக்குப் பின் 2018-ல் ஒரு கட்டுரையில், அந்தச் சொற்றொடர் சரிதான், ஆனால் இன்னும் துல்லியம் வேண்டும் என்று எழுதி மறுபடி ஒரு விவாதத்தைக் கிளப்பினார்.

2015 டிசம்பரில், சங்க ஏட்டின் 50-ஆம் ஆண்டு நிறைவுக்கு, யூதரோடுள்ள உறவுக்கான வத்திக்கான் ஆணையம் வெளியிட்ட ஆவணம் இதுவரை வந்ததில் தெளிவானது. அது தன்னை அதிகாரப்பூர்வப் போதனை என்று சொல்லிக்கொள்ளவில்லை, ஒரு சிந்தனை என்றுதான் சொல்கிறது. இரண்டு வழிகள் இல்லை என்கிறது. யூதர் கடவுளின் மீட்பில் பங்குள்ளவர்கள் என்பதில் ஐயமில்லை என்கிறது. கிறிஸ்துவை வெளிப்படையாக ஏற்காமல் அது எப்படி என்பது ஆழங்காணமுடியாத மறைபொருள் என்கிறது. யூதரை மதம்மாற்றுவதற்கென்று நிறுவனரீதியான பணி எதையும் திருச்சபை நடத்துவதுமில்லை, ஆதரிப்பதுமில்லை. தனி ஆள் தன் விசுவாசத்தைப் பணிவோடு சான்றுபகர்வது வேறு. புதுமை என்று பதறுகிறவர்களுக்கு: 12-ஆம் நூற்றாண்டிலேயே புனித பெர்நார்து, யூதருக்கென்று கடவுள் ஒரு காலம் குறித்திருக்கிறார், அதற்கு முந்த முடியாது என்று திருத்தந்தை மூன்றாம் யூஜினுக்கு எழுதியிருக்கிறார்.

1948 பற்றி. யூதருக்குத் தனி நாடு கேட்ட சீயோனிய இயக்கத்தின் தலைவர் தியோடர் ஹெர்சல் 1904-ல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதரைச் சந்தித்து ஆதரவு கேட்டார். யூதர் நம் ஆண்டவரை ஏற்கவில்லை, ஆகவே யூத மக்களை நாம் ஏற்க முடியாது என்று பதில் வந்ததாக ஹெர்சல் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதாவது அன்று இறையியலைக் காட்டி மறுத்தார்கள். இன்று இறையியலைக் காட்டி ஆதரிப்பதும் இல்லை. 1985-ன் வத்திக்கான் குறிப்புகள் இதைத் தெளிவாக்குகின்றன: அந்த மண்ணோடு யூதருக்குள்ள சமயப் பிணைப்பைப் புரிந்துகொள்ளுங்கள், இஸ்ரேல் அரசையும் அதன் அரசியலையும் பன்னாட்டுச் சட்டத்தின் பொதுக் கொள்கைகளால் அளவிடுங்கள். 1993 டிசம்பர் 30-ல் இஸ்ரேலோடும், 2015-ல் பாலஸ்தீனத்தோடும் திருப்பீடம் ஒப்பந்தம் செய்தது இந்த அளவுகோலின்படிதான். ஆகவே நண்பரின் காணொளியில் யூதரின் தேர்வு நீடிக்கிறது என்ற பகுதியை ஒப்புக்கொள்ளலாம். வரைபடத்தில் கோடு போட்டுத் தீர்க்கதரிசனம் கணக்கிடும் பகுதி கத்தோலிக்கருக்கு உரியதல்ல.

கிறிஸ்துவை ஏற்ற யூதர் யூதராக இருப்பது நின்றுவிடுகிறதா என்றும் சிலர் கேட்பார்கள். பாரிஸ் பேராயராக இருந்த கர்தினால் லுஸ்திஜே போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் ஆரோன் என்ற பெயரில் பிறந்தவர். 1940-ல், பதின்பருவத்தில், திருமுழுக்குப் பெற்றார்; தாயை ஆஷ்விட்ஸில் இழந்தார். நான் யூதனாகப் பிறந்தேன், விசுவாசத்தாலும் திருமுழுக்காலும் கிறிஸ்தவனானேன், திருத்தூதர்களைப்போல யூதனாகவே இருந்தேன் என்று தம் நினைவுக் கல்லுக்கு வாசகம் எழுதிவைத்தார். அது நோத்ர்தாம் பேராலயத்தில் இருக்கிறது. யூதத் தலைவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. யூதனாகவும் கத்தோலிக்கனாகவும் ஒருங்கே இருக்க முடியாது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். 2007 ஆகஸ்டில் அவர் இறந்தபோது, அடக்கத் திருப்பலி தொடங்குமுன் பெட்டியை நோத்ர்தாம் வாசலிலேயே வைத்தார்கள். உறவினர் ஒருவர் புனித பூமியின் மண்ணை அதன்மேல் வைத்தார். இறந்தோருக்காக யூதர் சொல்லும் கதீஷ் செபத்தை இன்னொரு உறவினர் அங்கே நின்று ஓதினார். ஓதி முடிந்ததும் பெட்டியை உள்ளே எடுத்துச் சென்றார்கள்.